ஜப்பானியப் பாடநூல்களும் தமிழ் மாணவரும்

ஜப்பானிய மொழி இந்நாட்டுத் தமிழருக்குப் புதியதன்று. 1942 முதல் 1945 வரை ஜப்பானியப் படை மலாயாவையும் சிங்கப்பூரையும் ஆண்ட காலத்தில் அம்மொழி பள்ளிகளுக்குள் கட்டளையாக வந்து புகுந்தது. அக்காலத்தைக் கடந்த தோட்டத் தமிழர் பலருக்கு அது சயாம் ரயில் பாதைக்கு ஆள் பிடித்தவர்களின் மொழியாகவே நினைவில் நின்றது. பிறகு 1982-இல் மலேசிய அரசு கிழக்கு நோக்கும் கொள்கையை வகுத்தது. ஜப்பானுக்குச் செல்லும் மாணவர்க்கென மலாயாப் பல்கலைக்கழகத்தில் அவ்வாண்டே ஆயத்தப் பயிற்சி தொடங்கியது. தாத்தா அஞ்சிக் கேட்ட மொழியைப் பேரன் விரும்பிக் கற்கும் காலம் வந்துவிட்டது. தொழிற்கல்வி பயிலச் செல்வோரும், மொழித்திறன் தேர்வின் தொடக்கப்படியாகிய என்-5 எழுதுவோரும், படக்கதைகளின் மேல் உள்ள காதலால் தாமே எழுத்துக் கூட்டிப் படிப்போரும் தமிழரிடையே உண்டு.

இவர்கள் அம்மொழிக்குள் எந்த வாயில் வழியாக நுழைகின்றனர் என்பதே ஈண்டு ஆராயத்தக்கது. ஏறக்குறைய அனைவரும் ஆங்கில வாயிலையே நாடுகின்றனர். கையில் இருப்பவை பெரும்பாலும் இரு நூல்கள். ஒன்று, 1998-இல் வெளிவந்து பின்னர்த் திருத்தம் பெற்ற 'மின்ன நொ நிஹொங்கொ'. இரண்டு தொகுதிகளில் 50 பாடங்கள். மற்றொன்று, 1999-இல் வெளிவந்த 'கென்கி'; 23 பாடங்கள். இரண்டும் நல்ல நூல்கள். பயிற்சிகள் சலிப்புத் தருவதில்லை. உரையாடல்கள் வாழ்க்கையை ஒட்டியவை. முன்னதன் மூலப் பகுதி முழுவதும் ஜப்பானிய எழுத்திலேயே அமைந்து, மாணவனை ரோமன் எழுத்தை ஊன்றுகோலாகப் பிடிக்கவிடாமல் செய்திருப்பது தனியே பாராட்டுதற்குரியது. குறை வேறிடத்தில் இருக்கிறது. வினை முன்னும் செயப்படுபொருள் பின்னுமாகச் சிந்திக்கும் ஒருவனுக்கு எது கடினம், எது எளிது என்று எண்ணிப் பாடங்கள் அடுக்கப்பட்டுள்ளன. தமிழ் மாணவனுக்குக் கடினமும் எளிதும் வேறு.

(இக்கட்டுரையில் ஜப்பானியச் சொற்கள் அவர்தம் ஓரெழுத்துக்கு நம் ஓரெழுத்து என்ற கணக்கில் எழுதப்படுகின்றன. வல்லெழுத்து இரட்டித்திருந்தால்தான் அங்கே ஓசை இரட்டிக்கிறது என்று கொள்க. ஸகரமும் சகரமும் வெவ்வேறு ஒலிகள். இம்முறையில் உள்ள பெருங்குறை பின்னர்க் கூறப்படும்.)

முதற்கண் வினையெச்சத்தைப் பார்ப்போம். ஜப்பானிய வினைக்குத் 'தெ' என்று முடியும் ஒரு வடிவம் உண்டு. 'தபெரு' என்பது உண்ணுதல். 'தபெதெ' என்பது உண்டு. 'யொமு' படித்தல், 'யொந்தெ' படித்து. 'ஒகிதெ, தபெதெ, கக்கோ எ இகு' என்றால் எழுந்து, சாப்பிட்டு, பள்ளிக்குப் போகிறேன் என்பதாகும். எச்சங்களுக்குத் தனிக் காலம் இல்லை; இறுதியில் நிற்கும் முற்று எக்காலமோ அதுவே தொடர் முழுவதற்கும் காலம். இதைத் தமிழாசிரியர் ஒருவர் ஒரு மணி நேரத்தில் விளக்கிவிடலாம். ஆங்கில விளக்கமோ இதற்கு நிகரான ஒரு வடிவம் தன்னிடத்தில் இல்லாமையால், வேண்டும்போது ஒரு பயன், செய்துகொண்டிருக்கும்போது ஒரு பயன், இரு செயலை இணைக்கும்போது ஒரு பயன் என்று துண்டு துண்டாகப் பிரித்துத் தருகிறது. 'மின்ன நொ நிஹொங்கொ'வில் இவ்வடிவம் 14-ஆம் பாடத்தில்தான் தலைகாட்டுகிறது. 'கென்கி' 6-ஆம் பாடத்தில் தருகிறது. அவ்வளவில் அது மேல்.

இதைவிட வியப்பானவை துணைவினைகள். 'தபெதெ மிரு' என்பது சொல்லுக்குச் சொல் 'சாப்பிட்டுப் பார்'. மிரு என்பதன் தனிப்பொருளும் பார்த்தல்தான். 'கத்தெ ஒகு' என்பது 'வாங்கி வை'. ஒகு என்றால் வைத்தல். 'மொத்தெ குரு' கொண்டு வா. 'மொத்தெ இகு' கொண்டு போ. 'வஸுரெதெ ஷிமத்த' என்பது 'மறந்துவிட்டேன்'. நம்முடைய 'விடு' செயல் முற்றுப்பெற்றதையும், 'ஐயோ, இப்படி ஆகிவிட்டதே' என்ற இரக்கத்தையும் ஒருங்கே காட்டுவது போலவே அவர்களுடைய 'ஷிமவு'வும் காட்டுகிறது. ஆங்கிலம் வழியே கற்பவன் இவற்றை ஒவ்வொன்றாக, ஒன்றுக்கொன்று தொடர்பற்ற மரபுத்தொடர் போல மனப்பாடம் செய்கிறான். 'ஷிமவு' 29-ஆம் பாடத்திலும், 'ஒகு' 30-ஆம் பாடத்திலும், 'மிரு' 40-ஆம் பாடத்திலும் சிதறிக் கிடக்கின்றன. சாப்பிட்டுப் பார் என்று தாய் சொல்லக் கேட்டு வளர்ந்த பிள்ளை, அதே தொடரைக் கற்க 40 பாடம் காத்திருக்கிறது!

'இரு' என்ற துணைவினையில் இன்னும் நுட்பமான தவறு நேர்கிறது. ஜப்பானியத்திலும் அச்சொல் ஏறத்தாழ 'இரு' என்றே ஒலிக்கும். இது தற்செயல் ஒற்றுமை, அவ்வளவே. 'மதொ க அஇதெ இரு' என்றால் சன்னல் திறந்திருக்கிறது. 'கெக்கொன் ஷிதெ இரு' என்றால் மணம் செய்திருக்கிறார், அதாவது மணமானவர். ஆனால் 'தபெதெ இரு' என்பதோ பெரும்பாலும் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார் என்ற பொருளைத் தருகிறது. நாம் 'கொண்டு' சேர்த்து வேறுபடுத்தும் இரண்டும் அங்கே ஒரே வடிவில் அடங்கிவிடுகின்றன. நூல்கள் நிகழ்ந்துகொண்டிருக்கும் பொருளை முதலில் கற்பித்து, நிலைப்பொருளைப் பின்னே தள்ளுகின்றன. ஆங்கிலத்துக்கு அதுதான் முறை. தமிழ் மாணவனுக்கு வரிசையைத் திருப்ப வேண்டும். திறந்திருக்கிறது, மணம் செய்திருக்கிறார், அறிந்திருக்கிறேன் என்பவற்றை முதலில் தந்து, 'கொண்டு' இல்லாமலேயே அது சாப்பிட்டுக்கொண்டிருத்தலையும் குறிக்கும் என்று பிறகு சொன்னால் குழப்பத்துக்கே இடமில்லை.

பெயரெச்சமும் அவ்வாறே. 'கினோ கத்த ஹொன்' என்பது நேற்று வாங்கிய புத்தகம். இதற்கு என்ன விளக்கம் வேண்டும்? எனினும் 22-ஆம் பாடம் வரை இது மறைத்து வைக்கப்படுகிறது. 19-ஆம் பாடத்தில் 'நிஹொன் எ இத்த கொதொ க அரு' என்றொரு வாய்பாடு வருகிறது. ஜப்பானுக்குப் போனது உண்டு என்று அப்படியே தமிழாக்கலாம். 'போனது உண்டா?' என்று கேட்கும் வழக்கு நம்மிடம் இருக்கவும், மாணவர் இதை ஆங்கிலத்தின் முற்றுநிலைக் காலத்தோடு பொருத்திப் பார்த்துத் தடுமாறுகின்றனர்.

'தொ' என்னும் இடைச்சொல் நம் 'என்று'. 'தொ ஒமொவு' என்று நினைக்கிறேன்; 'தனக தொ இவு ஹிதொ' தனகா என்னும் மனிதர். இரட்டைக்கிளவியிலும் இது தொடர்வதுதான் சுவை. 'கிரகிர தொ ஹிகரு' என்றால் பளபளவென ஒளிரும். அங்கே 'தொ', இங்கே 'என'. இரட்டைக்கிளவி இரட்டித்தலிற் பிரிந்து இசையாது என்பது தொல்காப்பிய விதி. ஜப்பானியத்தில் 'பிகபிக' என்றும் வரும். ஒற்றையாய்ப் 'பிகத்தொ' என்றும் வரும். ஒப்புமை காட்டும் ஆசிரியர் இந்த வேற்றுமையையும் உடன் காட்டுதல் வேண்டும்.

'மொ' என்பது உம்மை. 'வதஷி மொ' நானும். வினாச்சொல்லோடு அது சேர்ந்து எதிர்மறை முற்றுக் கொண்டால், 'தரெ மொ' யாரும் இல்லை, 'நனி மொ' எதுவும் இல்லை. அதே வினாச்சொல்லோடு வினா இடைச்சொல்லாகிய 'க' சேர்ந்தால் 'தரெ க' யாரோ, 'நனி க' ஏதோ, 'தொகொ க' எங்கோ, 'இத்ஸு க' என்றோ. எச்சத்தோடு உம்மை சேர்ந்தால் எதிர்மறைப் பயன் கிடைப்பதும் ஒத்திருக்கிறது: 'இத்தெ மொ' என்பது போயும், போனாலும். உம்மை, ஓகாரம் என்ற இரண்டே தலைப்பில் அடங்கும் செய்தியை, ஒன்பது பத்துத் தனிச்சொற்களின் பட்டியலாகத் தமிழ் மாணவர் தலையில் ஏற்றுவது வீண் சுமை.

இனி ஒலிக்கு வருவோம். ஜப்பானிய நெடுங்கணக்கின் நிரல் அ, க, ஸ, த, ந, ஹ, ம, ய, ர, வ என்பது. ஹகர வரிசை முற்காலத்தில் பகரமாய் ஒலித்தது. நம் மெய்யெழுத்து வரிசையில் அவர்களிடம் இல்லாதவற்றை நீக்கிப் பார்த்தால் க, ச, த, ந, ப, ம, ய, ர, வ என்று அதே நிரல் எஞ்சும். இதில் மாயம் ஒன்றுமில்லை. பௌத்தத்தோடு சீனம் வழியே சென்ற வடமொழி எழுத்துக் கல்வியே அந்நிரலுக்கு மூலம். அகராதி புரட்டும் தமிழ் மாணவனுக்கு இதனால் பெரிய உதவி உண்டு.

குறில் நெடில் வேறுபாட்டிலும், ஒற்று இரட்டிப்பதிலும் தமிழ் வாய் பிறரினும் முந்தி நிற்கிறது. 'ஒபஸன்' அத்தை, 'ஒபாஸன்' பாட்டி. 'கிதெ' வந்து, 'கித்தெ' அஞ்சல் தலை. ஆங்கிலம் வழிக் கற்பவர் மாதக்கணக்கில் இடறும் இவ்விடத்தைத் தமிழர் முதல் நாளே கடந்துவிடுவர். ஆனால் ஒன்றில் எச்சரிக்கை வேண்டும். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை என்பது நம் கணக்கு. அவர்கள் கணக்கில் சொல்லிடை ஒற்றும் ஈற்று னகரமும் ஒரு மாத்திரை முழுதாகப் பெறும். 'நிப்பொன்' நமக்கு மூன்று மாத்திரை, அவர்களுக்கு நான்கு. செய்தித்தாளைக் குறிக்கும் 'ஷின்புன்' என்பதும் அவ்வாறே. தமிழர் பேசும் ஜப்பானியம் விரைந்து ஓடுவது போல் கேட்பதற்கு இந்த அரை மாத்திரையே காரணம். கைதட்டி எண்ணிப் பழக்கினால் சரியாகும். மாத்திரை என்ற கருத்தே புதிதாகத் தோன்றும் மாணவரைவிட, அதை எழுத்திலக்கணத்திற் படித்த நம் மாணவர் இதை விரைவில் பிடித்துக்கொள்வர்.

முன்னர்ச் சுட்டிய பெருங்குறை இதுதான். தமிழில் வல்லின எழுத்து ஒன்றே, நிற்கும் இடத்துக்கேற்ப வலிந்தும் மெலிந்தும் ஒலிக்கும். ஜப்பானியத்தில் அவை பொருள் வேறுபடுத்தும் தனி ஒலிகள். 'ககி' என்று தமிழில் எழுதினால் நம் நா இயல்பாக இரண்டாம் எழுத்தை மெலிக்கும். அப்போது அது சாவி. வலித்தால் சிப்பி. 'தைககு' என்ற சொல்லின் முதல் எழுத்தை மெலித்து ஒலித்தால் பல்கலைக்கழகம். நாம் மொழிமுதலில் வழக்கமாகச் செய்வது போல் வலித்து ஒலித்தால் படிப்பைப் பாதியில் விட்டு விலகுதல். பல்கலைக்கழகத்திற் சேர்ந்தேன் என்று சொல்லப் போன பிள்ளை படிப்பை விட்டுவிட்டேன் என்று சொல்ல நேர்ந்தால் கேட்பவர் என்ன நினைப்பார்! தமிழ் எழுத்தில் ஜப்பானியத்தைக் குறித்துக்கொண்டு படிக்கும் வழக்கம் இதனாலேயே கண்டிக்கத்தக்கது. 46 'ஹிரகன' எழுத்தும், மெலித்து ஒலிக்க மேலே இடும் இரண்டு சிறு கோடுகளும் இரண்டு வாரத்தில் கைவரும். அதற்குச் சோம்பினால் பின்னர் எந்நாளும் இடர்தான்.

தமிழ் வழி காட்டும் இடங்களைப் போலவே வழி தவற வைக்கும் இடங்களும் உள. ஜப்பானியத்தில் உள்ளன என்பதைச் சொல்ல 'இரு', 'அரு' என இரு வினைகள். தமிழாசிரியர் பலர் இதைக் கண்டவுடன் உயர்திணை, அஃறிணை என்று பிரித்து மகிழ்வர். அது தவறு. பூனைக்கும் மீனுக்கும் 'இரு'தான். மரத்துக்கும் மேசைக்கும் 'அரு'. நம் திணைப் பாகுபாடு பகுத்தறிவைக் கொண்டு எழுந்தது. அவர்களுடையது தானே இயங்கும் உயிரைக் கொண்டு எழுந்தது.

எழுவாயை விட்டுவிடும் வழக்கு இரு மொழிக்கும் பொது. ஆனால் 'வந்தேன்' என்றால் நம் விகுதியே ஆளைக் காட்டிவிடும். ஜப்பானிய வினைக்கு எண், பால், இட விகுதி இல்லை. 'கித' என்றால் வந்தேன், வந்தாய், வந்தான், வந்தது அனைத்தும் அதுவே. விகுதி சுமக்காத வினையைக் கண்டு மாணவன் முதலில் மகிழ்கிறான். நீண்ட உரையாடலைக் கேட்கும்போது யார் யாருக்குச் செய்தார் என்று தெரியாமல் திகைக்கிறான். அங்கே ஆளைக் காட்டுபவை மரியாதைச் சொற்களும், கொடைச் சொற்களுமே. 'குரெரு' என்றால் எனக்கோ என்னைச் சார்ந்தவர்க்கோ தருதல். 'அகெரு' என்றால் பிறர்க்குக் கொடுத்தல். தருதலும் வருதலும் தன்மை முன்னிலைக்கு உரியன, செலவும் கொடையும் படர்க்கைக்கு உரியன என்று தொல்காப்பியம் பகுத்ததை இவ்விடத்தில் நினைவூட்டினால் மாணவர் கண் விரியும். முன்னிலையார்க்கு அளிப்பது அங்கே 'அகெரு'வாகும் என்ற வேறுபாட்டை மட்டும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வாழும் பேச்சில் நாம் ஏறக்குறைய கைவிட்ட ஓர் இலக்கணத்தை அயல்மொழிப் பாடம் நமக்கு மீட்டுத் தருகிறது.

பெயரடைகளில் 'ஷிஜுக ந' அமைதியான, 'ஷிஜுக னி' அமைதியாக என்னும் வகை தமிழர்க்குப் பாடமே அன்று. ஆன, ஆக என்று சொன்னாற் போதும். உயரத்தைக் குறிக்கும் 'தகை' போன்றவை தாமே பயனிலையாய் நிற்கும். அவற்றைக் குறிப்பு வினையோடு ஒப்பிடலாம். நம் குறிப்பு வினை காலத்தை வெளிப்படையாகக் காட்டாது. அவர்களுடையது 'தககத்த' என்று இறந்தகாலம் காட்டும்.

எண்ணும் சொற்கள் கடினம் என்று அஞ்சுவோர் மலேசியாவில் இருத்தல் கூடாது. ஆளுக்கு 'ஓராங்', விலங்குக்கு 'ஏக்கோர்', நீண்ட பொருளுக்கு 'பாத்தாங்', தகட்டுக்குக் 'கெப்பிங்' என்று மலாய்ப் பாடத்தில் தொடக்கப்பள்ளியிலேயே படித்தவர்கள் நம் பிள்ளைகள். நின், ஹிகி, ஹொன், மை என்பவற்றை அவற்றின் பக்கத்தில் எழுதிக் காட்டினால் முடிந்தது.

இவ்வளவு ஒப்புமை கண்டபின் தமிழும் ஜப்பானியமும் உடன்பிறந்த மொழிகள் என்று முழங்குவார் எழுவர். இவ்வாராய்ச்சிக்கு உரியவர் பேராசிரியர் ஸுஸுமு ஓனோ (1919–2008). ஜப்பானியத்தின் தோற்றம் பற்றி 1957-இல் நூல் எழுதிய அவர், பின்னாளில் தமிழை எடுத்துக்கொண்டு 1980 முதல் பல நூல்களில் உறவை நிறுவ முயன்றார். சென்னையில் பொற்கோவும், யாழ்ப்பாணத்தில் அருணாசலம் சண்முகதாஸ், மனோன்மணி சண்முகதாஸ் ஆகியோரும் அவருக்குத் துணை நின்றனர். ஓனோவின் உழைப்பை இகழ்வது நன்றியன்று. தமிழைத் தேடி வந்து முதிய வயதில் கற்ற அயல்நாட்டறிஞர் அவர். ஆயினும் அவர் முடிவை மொழியியலார் பெரும்பாலோர் ஏற்கவில்லை. தெலுங்கையும் கன்னடத்தையும் குடகையும் பிராகுவியையும் வைத்து மூலத் திராவிட வடிவத்தை முதலில் காணாமல் தமிழ்ச்சொல்லை மட்டும் நேரே ஒப்பிடுவது முறையாகுமா என்ற வினாவுக்கு நிறைவான விடை கிடைக்கவில்லை. வினை இறுதியில் நிற்பதும், உருபு பெயர்க்குப் பின் வருவதும், பெயரெச்சம் பெயர்க்கு முன் வருவதும் கொரியத்துக்கும் மங்கோலியத்துக்கும் துருக்கிக்கும் உள்ள இயல்புகளே. ஒரே பாங்கில் கட்டிய இரு வீட்டார் உறவினராய்த்தான் இருக்க வேண்டும் என்பதில்லை.

வகுப்பறைக்கு இதனால் வரும் கேடு சிறிதன்று. உறவுப் பெருமையில் மயங்கிய ஆசிரியர் ஒலி ஒத்த சொற்களைத் தேடிப் பட்டியல் தருகிறார். மாணவர் அப்பட்டியலைக் கொண்டு சொற்பொருளை ஊகிக்கத் தொடங்குகின்றனர். 'நகை' என்றால் அங்கே நீளம், சிரிப்புமன்று, பொன்னுமன்று. ஜப்பானியச் சொற்களிற் பெரும்பகுதி சீனத்திலிருந்து வந்தவை. அண்மைக்காலச் சொற்கள் மிகுதியும் ஆங்கிலத்திலிருந்து வந்தவை. இந்தியத் தொடர்புள்ள சொற்கள் சில உண்டு. வடமொழித் 'தான'த்திலிருந்து பௌத்தம் வழியே சென்ற 'தன்ன' இன்று தலைவனையும் கணவனையும் குறிக்கிறது. நம் கறி ஆங்கிலத்தின் வாய்ப்பட்டுக் 'கரே' ஆகி அங்கே சோற்றின் மேல் ஊற்றப்படுகிறது. இவை கடன், உறவன்று. தொடக்க மாணவனுக்கு வேண்டிய சில நூறு சொற்களை உருப்போடுவதற்குக் குறுக்கு வழி கிடையாது. தமிழ் அவனுக்குத் தருவது தொடரமைப்பை; சொல்லைத் தராது.

ஆகவே வேண்டப்படுவது, இருக்கும் நல்ல நூலின் பக்கத்தில் வைத்துப் படிக்கத் தமிழில் ஒரு சிறு இலக்கணத் துணையேடு. 14-ஆம் பாடத்து எச்சத்தை அது 4-ஆம் பாடத்துக்குக் கொண்டுவரலாம். துணைவினைகளை ஒரே இடத்தில் தொகுக்கலாம். வலித்தல் மெலித்தல் பயிற்சியை முதல் வாரத்திலேயே வைக்கலாம். 'வ', 'க' என்னும் இரு இடைச்சொற்களுக்கு மட்டும் அதில் தாராளமாகப் பக்கம் ஒதுக்க நேரும். அகிரா மிகாமி என்ற இலக்கண ஆசிரியர் 1960-இல் 'ஜோ வ ஹன க நகை' என்ற தொடரையே பெயராக்கி ஒரு நூல் எழுதினார். யானைக்கு மூக்கு நீளம் என்று நாம் நான்காம் வேற்றுமையிட்டு எளிதாகச் சொல்லிவிடுகிறோம். 'எனக்குத் தெரியும்' என்பதையும் அவ்வாறே. அந்தக் குவ்வுருபை அங்கே எதிர்பார்க்கும் மாணவன் 'வ'வைக் கண்டு நிற்பான். அதற்கு நேரான உருபு தமிழில் இல்லை. சில இடத்தில் எழுவாயாகவும், சில இடத்தில் நான்காம் வேற்றுமையாகவும், சில இடத்தில் வெறும் தலைப்பாகவும் அது மாறி மாறித் தோன்றும். தொடர்களைப் பலமுறை கேட்டுத்தான் அது பழகும்.